வாழ்த்துக்கு அரைத்த காகிதம்

கொண்டப்பநாயக்கன்பட்டி
12.10.1943

அன்புள்ள அண்ணனுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது. நானும் அத்தை, மாமா, பாப்பாயியும் இங்கே சுகம். வரப்பில் சறுக்கி விழுந்தீர்களே, அந்தக் கால் வீக்கம் வடிந்ததா என்று முதலில் எழுதுங்கள். மற்ற சுகமெல்லாம் அப்புறம்.

உங்கள் மச்சானிடமிருந்து ஆவணியில் வந்த கடிதம்தான் கடைசி. அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டுகிறார். எந்த ஊர் என்று எழுதியிருந்ததைத் தணிக்கைக்காரர்கள் கறுப்பு மை போட்டு அடித்துவிட்டார்கள். கொசுவெல்லாம் குருவி அளவு இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு வேலையில் இறங்கியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். யுத்தத்தினால் சேலம் கடைவீதியில் காகிதமே இல்லை. பொங்கல் வாழ்த்து இந்த வருடம் வராது என்று கடைக்காரர் மாமாவிடம் கையை விரித்துவிட்டார். நானே செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முறத்துக்குப் பூசக் காகிதக் கூழ் அரைப்போமே, அதே பக்குவம்தான். வீட்டில் கிடக்கும் பழங்காகிதத்தைக் கிழித்துத் தாழியில் ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, ஈர வேட்டியில் மெல்லிசாகப் பரத்திக் காயவைக்கிறேன். முதல் தடவை ஊறின தோசை மாதிரி வந்தது. இரண்டாம் தடவை பரவாயில்லை. காய்ந்ததைச் சீசாவால் தேய்த்தால் வழவழப்பாகிறது. அதில் கரும்பும் பானையும் எழுதி, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினால் வாழ்த்து ரெடி. உங்கள் வீட்டில் இருக்கும் பழங்காகிதத்தையெல்லாம் கட்டி அனுப்புங்கள்.

கல்யாணம் தையில் என்பதில் மாற்றமில்லையே? அம்மா காலமானதற்காக ஒரு வருடம் தள்ளிப் போட்டோம். இவர் பட்டாளத்துக்குப் போனதால் இன்னொரு வருடம். இன்னும் தள்ளினால் உங்களுக்கு நரைத்துவிடும். "நங்கை, உங்க அண்ணன் கொறட்டை உடுவாருங்களா?" என்று பாப்பாயி என் காதில் கேட்கிறாள். அவள் எனக்கு நாத்தனார், இனி அண்ணியும்கூட, பொய் சொல்லலாமா? விடுவார் என்று சொல்லிவிட்டேன். இணைச்சீருக்குத் தங்கையாக உங்கள் பக்கத்தில் உட்காரும்போது கட்டிக்கொள்ள அரக்குச் சேலையை மடித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான் ஒரே தங்கை, சீரில் ஒன்றும் குறைக்கக் கூடாது.

பதில் தாமதிக்காமல் எழுதவும்.

உங்கள் தங்கை
சௌந்திரம்


நாமகிரிப்பேட்டை
24.10.1943

அன்புள்ள அம்மிணிக்கு அண்ணன் சின்னுசாமி ஆசீர்வாதம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாட்டுக்குப் பின்னால் ஓடும் அளவுக்குச் சுகம். உங்கள் எல்லார் சுகமும் அறிந்தேன்.

குறட்டை விஷயத்தைப் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டாயே, நீ யார் பக்கம்? இதோடு ஒரு மூட்டை காகிதம் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பழைய பஞ்சாங்கம், நாடக நோட்டீஸ், அப்பா காலத்துக் கல்யாணப் பத்திரிகைகள், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாள், எல்லாம் கலந்து கிடக்கும். கரையான் அரித்ததை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டேன். உன் வாழ்த்தின் மூலைகளுக்கு மஞ்சளும் போன வெள்ளாமையில் எடுத்து வைத்தது கொஞ்சம் இருக்கிறது. வாழ்த்தை விற்கிறாயா, சும்மா கொடுக்கிறாயா? சும்மா என்றால் முதல் வாழ்த்து எனக்கு.

கல்யாணம் தையில்தான், மாற்றமே இல்லை. தனியாகச் சமைத்துத் தின்று நாக்குச் செத்துப் போய்விட்டது. மச்சான் லீவில் வர முடியாவிட்டாலும் நடத்திவிடச் சொல்லித்தான் எனக்கும் எழுதியிருந்தார். இணைச்சீருக்கு நீ இல்லாமல் வேறு யார்? அரக்குச் சேலையை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் நமஸ்காரம்.

உன் அண்ணன்
சின்னுசாமி


கொண்டப்பநாயக்கன்பட்டி
18.11.1943

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை சின்னுசாமி அவர்களுக்கு மாமன் பெரியசாமி எழுதிக்கொள்வது. சுகம் என்று எழுத வாய்க்கவில்லை.

நேற்று நான் தபாலாபீசுக்குப் போயிருந்தபோது பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. போஸ்ட்மாஸ்டர் உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்துப் படித்துச் சொன்னார். நம் பையன் நாச்சிமுத்து போய்விட்டான். ஊர் பேர் ஏதோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. உடம்பையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். உங்கள் அத்தை காளியாத்தாளிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் மாராப்பை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்தாள். உங்கள் தங்கைக்கும் பாப்பாயிக்கும் தெரியாது. இப்போது சொன்னால் தீட்டு என்று கல்யாணம் நிற்கும். மூன்றாம் தடவையும் நின்றால் பாப்பாயியை ராசியில்லாதவள் என்று ஊர் ஒதுக்கிவிடும். போனவன் இனி வரப்போவதில்லை. இருக்கிறவளுக்காவது ஒரு வழி செய்ய வேண்டாமா? தை முடியட்டும், மாசியில் நானே சொல்லிக்கொள்கிறேன். போஸ்ட்மாஸ்டர் வாயைத் திறக்கமாட்டார்.

தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவுச் சேதியை வீட்டில் வைக்கக் கூடாது. வெளியே எறிந்தால் எவனாவது எடுத்துப் படிப்பான். அடுப்பில் போடலாமென்றால் அங்கே உங்கள் தங்கை இருந்தாள். வாசலில் அவள் வாழ்த்துக்குக் காகிதம் ஊறப்போட்ட தாழி இருந்தது. கிழித்து அதில் போட்டு அமுக்கிவிட்டேன். இன்று காலையில் அவளே அரைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சௌந்திரம் உங்கள் உடன்பிறந்தவள். நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

பெரியசாமி


நாமகிரிப்பேட்டை
29.11.1943

மரியாதைக்குரிய மாமாவுக்குச் சின்னுசாமி நமஸ்காரம்.

கடிதம் கிடைத்து ஒரு வாரமாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மச்சானோடு கொல்லிமலைக்கு மிளகு வாங்கப் போனதும் வந்ததுமே கண்ணில் நிற்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய், வெறும் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

பெரியவர்கள் நீங்கள் யோசித்துச் செய்தது. நான் என்ன சொல்வது? அவளும் இன்னும் இரண்டு மாதம் பூவும் பொட்டுமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. உங்கள் இஷ்டப்படியே ஆகட்டும்.

அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். தாழியில் போட வேண்டாம்.

சின்னுசாமி


கொண்டப்பநாயக்கன்பட்டி
5.12.1943

அன்புள்ள அண்ணனுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் ஒருவிதமாகச் சுகம். போன மாதம் முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்யாண மாப்பிள்ளை ஆனதும் கை எழுத மறுக்கிறதா?

வாழ்த்துகள் காய்ந்துவிட்டன. இந்தத் தடவை கூழ் வெண்ணெய் மாதிரி வந்தது. நடுவில் அங்கங்கே துணுக்கு எழுத்து தெரிகிறது, அதுவும் ஓர் அழகுதான். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பு, துணிக்குப் போடும் நீலத்தில் ஆகாயம். பானைதான் எனக்குக் கோணிக்கொண்டே போகிறது. உங்களுக்கு முதல் வாழ்த்து என்று சொன்னபடி இதோடு வைத்திருக்கிறேன். கரும்புக்குப் பக்கத்தில் நிற்பது மாடு. நாய் என்று சொன்னால் கோபம் வரும்.

அவருக்கும் ஒன்று செய்தேன். "சாமி, இதைப் பட்டாளத்து விலாசத்துக்குப் போட்டுடுங்க" என்று மாமாவிடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். மாமா இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, கல்யாணக் கவலை போலிருக்கிறது.

அத்தைக்கு என்மேல் என்றும் இல்லாத பிரியம். தினம் பூ வாங்கி வைத்துவிடுகிறார். மூலைக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்தேன், கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். "உம் மேலுக்கு முடியலீன்னு பாத்தாலே தெரியுது அம்மிணி. மஞ்சளை நானே தொட்டு வெக்கறேன், நீ ஊட்டுக்குள்ள போ" என்கிறார். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பிரியத்தைத் தடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

வாழ்த்து எப்படி என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை
சௌந்திரம்


நாமகிரிப்பேட்டை
19.12.1943

அன்புள்ள அம்மிணிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம். அனைவர் சுகமும் கோருகிறேன்.

வாழ்த்து கிடைத்தது. நன்றாக இருக்கிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டு மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்கிறது. வடிகால் வெட்டுவதில் பொழுது போய்விடுகிறது, அதனால்தான் எழுதவில்லை. காளை ஒன்றுக்குக் கழுத்தில் புண்.

கல்யாண விஷயமாக ஒன்று யோசித்தேன். நீ பெண் வீட்டில் இருப்பவள். பந்தியும் பாத்திரமும் உன் தலையில்தான் விழும். இணைச்சீரையும் நீயே செய்வதென்றால் சிரமம். பெரியப்பா மகள் கண்ணாத்தாளும் எனக்குத் தங்கை முறைதானே? அவள் செய்யட்டும் என்று நினைக்கிறேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

சின்னுசாமி


கொண்டப்பநாயக்கன்பட்டி
27.12.1943

அண்ணனுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கிடைத்தது. காளையின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் போடுங்கள்.

கண்ணாத்தாள் இணைச்சீர் செய்வதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பாத்திரம் கழுவும் வேலை இருக்கிறது என்று சொல்லி எந்த அண்ணனும் கூடப்பிறந்தவளைச் சீரிலிருந்து விலக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாளைக்கு ஊர் என்னைக் கேட்கும், சௌந்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று. நான் என்ன சொல்லட்டும்?

வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள். எவ்வளவு பெரிய காரணமானாலும் சரி. எழுத முடியாவிட்டால் ஒரு நடை வந்து நேரில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி நான் கேட்டால் தாங்கிக்கொள்வேன். மறுபேச்சு இல்லாமல் விலகிக்கொள்கிறேன், யாரிடமும் ஏன் என்று கேட்கமாட்டேன். காரணம் இல்லாவிட்டால் நான்தான் செய்வேன்.

வாழ்த்து வேலையை நிறுத்திவிட்டேன். மிச்சக் கூழை முறத்துக்குப் பூசிவிட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சௌந்திரம்


நாமகிரிப்பேட்டை
4.1.1944

அன்புள்ள அம்மிணிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம்.

நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்திருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்கமாட்டேன். காரணம் ஒன்றும் கிடையாது. உன் சிரமத்தை நினைத்துத்தான் எழுதினேன். நீயே செய். உன்னைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு நடை வரலாம் என்றால் வடிகால் வேலை இன்னும் முடியவில்லை. பொங்கலும் நெருங்கிவிட்டது. கல்யாணத்துக்குத்தான் வரப்போகிறேனே, அப்போது பார்த்துக்கொள்வோம்.

பொங்கல் வாழ்த்துகள்.

உன் அண்ணன்
சின்னுசாமி


நாமகிரிப்பேட்டை
11.2.1944

அன்புள்ள அம்மிணிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நானும் பாப்பாயியும் இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் வண்டி ஏறும்போது உன்னைத் தேடினேன், காணவில்லை. பாப்பாயி நீ செய்த வாழ்த்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறாள். ஈரச் சுவர், பிறகு ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். "எங்கண்ணன் லீவுல வந்தா விருந்துக்குக் கூப்புடோணுமுங்க, ரெண்டு சேவலை உட்டு வெச்சிருக்கறேன்" என்கிறாள். அவளிடம் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமா உன்னிடம் ஏதாவது பேசினாரா? பேசினால் மனதைத் திடமாக வைத்துக்கொள். எது வந்தாலும் இந்த வீடு உனக்கு உண்டு.

உன் அண்ணன்
சின்னுசாமி


கொண்டப்பநாயக்கன்பட்டி
17.3.1944

அண்ணனுக்கு,

இங்கே யாரும் சுகமில்லை. அங்கே சுகமா என்று கேட்கவும் மனம் வரவில்லை.

கருமாதிக்கு நீங்கள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து போட்டீர்கள். அன்றைக்குத்தான் சேதி கேட்டவர் மாதிரி, "மச்சான் மோசம் பண்ணீட்டாரே" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உங்களைத் தாங்கிப் பிடித்தார்கள். நான் அழவில்லை என்று பெண்டுகள் என்னைப் பேசினார்கள். நான் மார்கழியிலேயே அழுது முடித்துவிட்டேன்.

உங்கள் கண்ணாத்தாள் கடிதம் வந்த மறுநாள், சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் காயப்போட்ட தாள்களை எடுக்கப் போனேன். அங்கே அத்தை மண்ணில் கிடந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, மகன் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தாயும் ஒப்பாரி வைக்கமாட்டாள். மஞ்சள் கிண்ணத்தை ஏன் பிடுங்கினார் என்று அப்போது தெரிந்தது. நீங்கள் ஏன் கண்ணாத்தாளைச் சொன்னீர்கள் என்பதும் தெரிந்தது. நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன். அதன் பிறகு அத்தையும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே பாயில் படுத்தோம். அவர் எனக்குத் தெரியக் கூடாதென்று அழவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக் கூடாதென்று நானும் அழவில்லை. பெற்றவளை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

உங்களைத்தான் கேட்கிறேன். காரணம் எழுதுங்கள் என்று எழுதினேனே, அதைவிட எப்படிக் கேட்பது? உங்கள் வாயால் வர வேண்டும் என்று இருந்தேன். காரணம் ஒன்றும் கிடையாது என்று பதில் வந்தது. சரி, நேரில் பார்த்தால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பந்தலில் அரக்குச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, பேழைமூடிக் கூடையில் கூறைச்சேலையை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். சேலையின் ஒரு முனை உங்கள் கையில், மறு முனை என்னிடம். என் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் நானே மயக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போயிருப்பேன். நீங்கள் பந்தல்காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வரவில்லை அண்ணா, அருவருப்பு வந்தது. என்மேலும் வந்தது. தாலி அறுத்தவள் சீர் செய்தால் மணமக்களுக்கு ஆகாது என்பார்கள். தெரிந்தே செய்தேன். பாப்பாயிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

மாசியில் மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தந்தியைக் கேட்டேன். எந்த ஊரில் செத்தார் என்றாவது படித்துக்கொள்ளலாம் என்று. மாமா தலையைக் குனிந்துகொண்டு தாழியைப் பற்றிச் சொன்னார். என் கையாலேயே அரைத்துவிட்டேனாம். எந்தத் தாளில் ஒட்டிக்கொண்டு எந்த உறவுக்காரர் வீட்டுக்கு மஞ்சள் தடவிப் போனதோ. போஸ்ட்மாஸ்டரும் போன மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். உங்கள் மச்சான் கிடக்கும் ஊர் பேர் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"உங்கண்ணனையும் கேட்டுத்தான் செஞ்சேன் சாமி" என்றும் மாமா சொன்னார். ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தாராமே. நீங்கள் என் பூவுக்கும் பொட்டுக்கும் இரக்கப்பட்டு எழுதியதையும் சொன்னார். அந்தப் பேச்சை மட்டும் என்னிடம் எடுக்க வேண்டாம். உங்கள் கல்யாணத்துக்காகச் செய்தேன் என்று சொல்லுங்கள், அதையாவது ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த வீடு எனக்கு உண்டு என்று எழுதினீர்கள். வரமாட்டேன். நான் அத்தையோடு இருக்கிறேன். இரண்டு பேரும் இப்போதுதான் சத்தமாக அழுகிறோம்.

ஒரு விஷயம் மட்டும் உங்களைச் சேர்ந்தது. கருமாதிக்கு வந்த பாப்பாயி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அத்தை அழும்போது, "கார்த்திகையிலயே போனவனே" என்று சொல்லிவிட்டார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் செத்த தீட்டில் தனக்குத் தாலி ஏறியது என்று தெரிந்ததிலிருந்து அப்பனோடு பேசுவதில்லை, சோறும் சரியாக எடுப்பதில்லை. நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நங்கை, அவருக்கும் முன்னாடியே தெரியுமுங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. "அவரே வந்து சொல்லட்டும், அப்பறந்தான் நான் வண்டி ஏறுவேன்" என்கிறாள்.

அவளைக் கூட்டிப் போக எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் அவளிடம் சொல்லும்போது நான் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன்.

சௌந்திரம்